அருவிக்கு மேலே, அணைக்கு மேலே

ரோலண்ட் ஜாஃபே இயக்கி 1986இல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற 'தி மிஷன்' படத்தை மிஷனரி எதிர் காலனியம் என்றுதான் நம்மவர்கள் வாசித்து வருகிறார்கள். 1750 மாட்ரிட் ஒப்பந்தத்தில் ஸ்பெயின், உருகுவே ஆற்றுக்குக் கிழக்கே இருந்த ஏழு குரானி ஊர்களைப் போர்ச்சுக்கலுக்குத் தாரை வார்த்தது. சுமார் 30 ஆயிரம் பேர் வெளியேற வேண்டும். படத்தில் ஒரு பாதிரி ஜெபித்துச் சாகிறார், இன்னொருவர் வாளெடுத்துச் சாகிறார். குரானிகள்? கூடவே சாகிறார்கள், அவ்வளவுதான்.

வரலாறு அப்படி இல்லை. போக மாட்டோம் என்று 1753இல் அந்த ஊர்ச் சபைகள் குரானி மொழியிலேயே ஆளுநருக்குக் கடிதம் எழுதின. 1756இல் போரில் விழுந்த செபே தியராஜு ஒரு குரானி. படத்தில் அவனுக்கு இடமில்லை. காப்பாற்றியவன் கதையில் காப்பாற்றப்பட்டவன் பின்னணி ஆகிவிடுகிறான்.

நாஞ்சில் நாட்டுக் கதையையும் இப்படித்தானே சொல்லிப் பழகியிருக்கிறோம்? ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார் என்போம். தஞ்சாவூர் வரை போய், மிஷனரி வேண்டுமென்று கேட்டு வந்த வேதமாணிக்கத்தைப் பிறகுதான் சொல்வோம். அடிமைகளை விடுவிக்கக் கோரி 1847இல் மிஷனரிகள் மன்னருக்கு மனு கொடுத்தது உண்மை. 1855இல் அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் வந்ததும் உண்மை. ஆனால் தோள்சீலைக் கலகத்தில் சந்தையில் வைத்துத் துணி கிழிக்கப்பட்டது யாருக்கு? கிழிபட்ட பிறகும் மறுபடி உடுத்தது யார்? 1859 பிரகடனத்தை வரவழைத்ததில் அந்தப் பெண்களின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்குண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பராகுவேயில் பேரரசு எதிரி. இங்கே மிஷனரிகளின் மனுக்கள் போய்ச் சேர்ந்ததே பிரிட்டிஷ் ரெசிடெண்டிடம்தான். திருவிதாங்கூர் ராஜாவின் சாதியாட்சிக்கு எதிராகக் காலனிய அதிகாரமே துணையாக நின்ற விசித்திரம். வைகுண்டர் இதைப் பார்த்துவிட்டார். ராஜா கலிநீசன் என்றால் வெள்ளைக்காரன் வெண்நீசன் என்று இரண்டு பக்கமும் கை நீட்டினார்.

ஆனால் இந்தச் சண்டையெல்லாம் சமவெளியில். மலையில் காணிக்காரர்களின் காட்டில் 1860களில் ஆசாம்புப் பக்கம் காப்பித் தோட்டம் வந்தது. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை, கோதையாற்றை மறித்துக் கீழே வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. கட்டிய எஞ்சினியர் மிஞ்சினுக்கு அங்கே சமாதி இருக்கு. நீர்த்தேக்கத்துக்கு அப்பால் தோட்டமலை போன்ற குடியிருப்புகளுக்குப் போக வள்ளம்தான் வழி. மூலம் திருநாளை நினைக்கிறோம், மிஞ்சினை நினைக்கிறோம். யாருடைய காட்டில் அந்தத் தண்ணீர் நிற்கிறது என்று நஞ்சை வைத்திருப்பவர்கள் கேட்டதுண்டா?

2006 வன உரிமைச் சட்டம் ஒன்றைச் சரியாகச் சொல்கிறது: உரிமைக் கோரிக்கைகளைப் பெறுவதும் அவற்றை முதலில் தீர்மானிப்பதும் கிராமசபை. அதாவது 1753இன் ஊர்ச்சபைக் கடிதத்துக்குச் சட்டத்தில் ஓரிடம். மலையேறும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். மனு எழுத உதவுங்கள், வரைபடம் போட உதவுங்கள். சபையில் பேசுகிற இடத்தில் மட்டும் உட்காராதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நாமும் ஜாஃபேயின் பாதிரிதான், சிலுவை மட்டும் இருக்காது.