தொழில்துறை நில மதிப்பில் அமைவிடம்

ஆலை, கிடங்கு, தொழிற்பேட்டை மனை ஆகியவற்றின் விலையில் கட்டடத்தைவிட அது நிற்கும் இடத்துக்கே பெரும்பங்கு உண்டு. கடைக்கு ஆள் நடமாட்டம் வேண்டும். ஆலைக்கு வேண்டியது மூலப்பொருள் வந்துசேரவும் சரக்கு வெளியேறவும் ஆகும் செலவு குறைவது. ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெபர் 1909இல் வெளியிட்ட நூலில் போக்குவரத்துச் செலவு, கூலி, பல ஆலைகள் ஓரிடத்தில் திரள்வதால் வரும் ஆதாயம் ஆகிய மூன்றையும் கொண்டு இதை விளக்கினார்.

மூன்றாவது காரணத்தைச் சென்னைக்கு மேற்கே கண்கூடாகப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இருக்கை, கண்ணாடி, வயரிங் போன்றவற்றைச் செய்து தரும் நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன. கார் ஆலைகள் உதிரிபாகங்களை மலைபோல் குவித்து வைப்பதில்லை. அவை வேண்டிய நேரத்துக்கு வந்துசேர வேண்டும். ஆகவே அரை மணி நேரத்தில் ஆலை வாசலை அடையக்கூடிய மனைக்குக் கூடுதல் விலை கொடுக்க உதிரிபாக நிறுவனங்கள் தயங்குவதில்லை.

துறைமுகத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது விளம்பரத்தில் எடுப்பாக இருக்கும். லாரி ஓட்டுபவர் மணிக்கணக்கில்தான் பேசுவார். பகலில் நகருக்குள் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு; துறைமுக வாயிலில் கண்டெய்னர் வரிசை வேறு. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியதும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை அமைந்ததும் தூரத்தைக் குறைத்தன என்பதைவிட நகரைச் சுற்றிப்போக வழிவிட்டன என்பதே சரி.

மாநில எல்லையும் குறுக்கே நிற்பதில்லை. ஓசூர் தமிழ்நாட்டில் இருந்தாலும் அதன் நில மதிப்பை உயர்த்துவதில் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவுக்குப் பெரும்பங்கு உண்டு.

நகரம் நெருங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. சென்னையில் 1958இல் தொடங்கப்பட்ட கிண்டி தொழிற்பேட்டை அன்று ஊரின் ஓரம். இன்று அதைச் சுற்றி மெட்ரோ ரயிலும் அலுவலக வளாகங்களும். நிலத்தின் விலை, அங்கே லேத் பட்டறை நடத்திச் சம்பாதிக்கக்கூடிய தொகைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. பட்டறை வெளியேறினாலும் நிலத்துக்கு நட்டமில்லை.

ஒரே வட்டாரத்திலும் மனைக்கு மனை விலை மாறும். 40 அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் திரும்ப முடியாத சந்து, உயரழுத்த மின்பாதை எட்டாத மூலை, வில்லங்கமுள்ள பட்டா எல்லாமே விலையைக் குறைக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு ஏரியை ஒட்டிய தாழ்நிலத்தை யோசிக்காமல் வாங்குவது விவேகமல்ல. தமிழ்நாடு அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் தரும் மனை பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை. விருப்பம்போல் கைமாற்ற முடியாது. அதைப் பக்கத்துப் பட்டா நிலத்தின் கிரய விலையோடு அப்படியே ஒப்பிடுவது தவறு.

ஒற்றைப் பெரிய ஆலையை நம்பிய வட்டாரத்துக்கு வேறோர் ஆபத்து உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. நெடுஞ்சாலை அருகிலேயே இருந்தும், 2019இல் சால்காம்ப் நிறுவனம் வாங்க முன்வரும்வரை அந்த வளாகம் முடங்கிக் கிடந்தது.