மடம் இருந்த வீதிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவில், தாவடி, இணுவில் கடந்து மருதனார்மடம் சந்தி வரும். கந்தர்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம் என்று மடத்தைப் பெயரில் சுமக்கும் இடங்கள் குடாநாட்டில் வேறும் உண்டு. சில பெயர்கள் ஆளைச் சொல்லும். சில கட்டடத்தையே சொல்லும். ஓலைக்கூரைகளின் நடுவே ஓடு வேய்ந்த மடமும், ஆறு தூணில் நின்ற மடமும் வழிப்போக்கருக்கு அடையாளமாகிப் பின் ஊர்ப்பெயராயின.

இவை துறவியர் மடங்கள் அல்ல. கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் போனவர்கள் இளைப்பாறவும் இரவு தங்கவும் தருமமாகக் கட்டப்பட்டவை. உயர்ந்த திண்ணை, தூண்கள், பனைமரச் சலாகை தாங்கிய கூரை: கட்டடம் இவ்வளவுதான். ஆனால் மடம் தனியே நிற்பதில்லை. அருகே கிணறோ கேணியோ, மாடுகளுக்குத் தண்ணீர்த்தொட்டி, அவை உடம்பை உரஞ்சிக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக்கல் எல்லாம் சேர்ந்திருக்கும். தலைச்சுமைகாரர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்ற, ஆளுயரத்தில் சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது தமிழர் வழக்கம். இறக்க முடியாமற்போன அந்தச் சுமையை, யாரோ ஒரு வழிப்போக்கரின் சுமையை இறக்கி ஆற்ற நினைத்த மனம் அது. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்க வருபவர்கள் இந்தக் கற்களையும் நின்று பார்க்கவேண்டும்.

மடக் கட்டடக்கலையின் உச்சம் பருத்தித்துறைத் தெருமூடிமடம். வீதியின் இருபுறமும் திண்ணைகள்; பொழிந்த கல்தூண்கள்; கூரையோ வீதியையே மூடி நிற்கிறது. வாகனங்கள் இன்றும் அதனூடாகவே போகின்றன. வெயிலில் வருபவர் வழியை விட்டு விலகாமலே நிழலுக்குள் நுழையலாம்.

1902இல் காங்கேசன்துறைப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை கொழும்போடு இணைந்தது. பின் பஸ் வந்தது. நாட்கணக்கில் நடந்தவர்கள் மணிக்கணக்கில் போய்ச்சேர, மடங்களில் தங்க ஆளில்லாமற் போயிற்று. பராமரிப்பின்றிச் சிலவும் வீதி அகலிப்பில் சிலவும் மறைந்தன. மருதனார்மடத்தை இன்று அடையாளப்படுத்துவன சந்தையும், ஆஞ்சநேயர் கோயிலும், சேர். பொன். இராமநாதன் 1913இல் பெண்களுக்காக நிறுவிய இராமநாதன் கல்லூரியும்.

நடை நிற்காத இடத்தில் மடமும் நிற்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை புறப்படும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில், முருகன் கோயிலைச் சூழ்ந்த மடங்களில் அடியாருக்கு இன்றும் அன்னதானம் நடக்கிறது.