முரட்டுக் குதிரையை என்ன செய்வது?

“குதிரையின் குணம் அறிந்துதான் தம்பிரான் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை” என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. கொம்பு இல்லாதபோதே கடிக்கிறது, உதைக்கிறது. கொம்பும் இருந்துவிட்டால் என்ன ஆவது என்பது இதன் கருத்து. குற்றம் முழுவதும் குதிரையின் பிறவிக் குணத்தில்தான் இருக்கிறது என்று பழமொழி தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இத்தீர்ப்பு சரிதானா?

நீங்கள் ஒரு குதிரையை வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அருகில் சென்றால் காதுகளைப் பின்னுக்கு மடக்குகிறது. சேணம் பூட்டப் போனால் கடிக்க வருகிறது. ஏறி அமர்ந்தால் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தீனிச் செலவு ஒரு பக்கம், உயிருக்கு ஆபத்து மறு பக்கம். இதை வைத்துக்கொள்வதா, வேறொருவரிடம் கொடுத்துவிடுவதா? குதிரை வளர்த்த நாடுகளிலெல்லாம் இக்கேள்வி எழுந்தது. அதற்கு மனிதர்கள் கண்ட விடைகளை வரிசையாகப் பார்த்தால், விலங்குகளின் நடத்தையைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதும் விளங்கும்.

நிழலைக் கண்டு மிரண்ட குதிரை

இவ்வகைக் கதைகளுள் மிகப் புகழ் பெற்றது கிரேக்க வரலாற்றில் உள்ளது. மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் தெசலி நாட்டு வணிகன் ஒருவன் ஒரு குதிரையைக் கொண்டுவந்து, 13 தாலந்து விலை கேட்டான். அதுவோ யாரையும் அண்டவிடவில்லை. “இது எதற்கும் உதவாது, கொண்டு போ” என்று மன்னன் சொல்லிவிட்டான். அருகில் நின்ற அவன் மகன் அலெக்சாந்தர், அப்போது சிறுவன், ஒன்றைக் கவனித்தான். தரையில் அசையும் தன் நிழலைக் கண்டே குதிரை மிரள்கிறது! அவன் அதைச் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தினான். நிழல் பின்னால் விழுந்தது, மிரட்சி தணிந்தது, சிறுவன் மெல்ல ஏறி அமர்ந்தான். அதுவே பூசெபலஸ். கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரைப் போரை ஒட்டி இறக்கும்வரை அது அலெக்சாந்தரிடமே இருந்தது.

இதை எழுதிவைத்த புளூட்டார்க், நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கதையில் உள்ள பாடம் கவனிக்கத்தக்கது. மன்னன் “இது எப்படிப்பட்ட குதிரை?” என்று பார்த்தான். மகனோ “இது எதைக் கண்டு மிரள்கிறது?” என்று பார்த்தான். கேள்வி மாறியதும் விடையும் மாறிவிட்டது.

இதே கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் செனபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவர் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் செல்லாதே என்பது அவருடைய அறிவுரைகளுள் ஒன்று. மிரளும் குதிரையை அடித்தால் மிரட்சி கூடுமே அன்றிக் குறையாது என்றும் அவர் விளக்கினார். ஏனெனில், அடியினால் ஏற்படும் வலிக்கும் தான் கண்டு மிரண்ட பொருளே காரணம் என்று குதிரை எண்ணிக்கொள்ளும். இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேரும்போது விலங்கின் மனம் அவற்றைப் பிணைத்துக்கொள்கிறது என்பதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவ்லாவ் தம் சோதனைகளால் நிறுவினார். அதன் சாயலை செனபோன் லாயத்திலேயே கண்டுவிட்டார்.

இரும்பு வாய்ப்பூட்டு அணிந்த குரூசர்

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் டார்செஸ்டர் பிரபுவிடம் குரூசர் என்ற பந்தயக் குதிரை ஒன்று இருந்தது. உயர்ந்த குலத்தில் பிறந்தது. இனப்பெருக்கத்திற்கு மிகவும் ஏற்றது. ஆனால் அதன் அருகே செல்ல ஆளில்லை. இரும்புப் பட்டை பிணைத்த கனத்த வாய்ப்பூட்டு ஒன்றை அதன் முகத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். இனப்பெருக்கத்துக்காக வேறோர் இடத்துக்கு அனுப்பியபோது, வழியில் எந்த லாயத்திலும் கட்ட வேண்டாம் என்று பிரபு எச்சரித்தாராம். கொண்டு சென்றவன் அதைக் கேளாமல் ஒரு லாயத்தில் விட்டுவிட்டான். பிறகு அதை வெளியே கொண்டுவர லாயத்தின் கூரையையே பிரிக்க வேண்டியதாயிற்று என்று பிரபு ஒரு கடிதத்தில் எழுதினார். போன இடத்திலும் அது நிலைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டது. இடத்தை மாற்றியும் நிலைமை மாறவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சமயம் ஜான் சாலமன் ரேரி என்ற அமெரிக்கர் இலண்டன் வந்திருந்தார். ஒகையோ மாநிலத்தின் குரோவ்போர்ட் என்ற சிற்றூரில் 1827-இல் பிறந்தவர். விக்டோரியா அரசியின் முன்னிலையிலும் குதிரைகளைப் பழக்கிக் காட்டியவர். குரூசரை அடக்க முடியுமா என்று பிரபு அறைகூவல் விடுத்தார். ரேரி 1858-இல் அதை ஏற்றார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக யாரும் ஏறாத அக்குதிரையின் மேல், மூன்றே மணி நேரத்தில் ரேரியும் தாமும் ஏறி அமர்ந்ததாகப் பிரபு எழுதியிருக்கிறார். இலண்டன் மக்கள் குரூசரைக் காணத் திரண்டனர். ரேரி தம் முறையைத் தலைக்கு 10 கினி கட்டணத்தில், இரகசியம் காப்பதாக உறுதி வாங்கிக்கொண்டு கற்பித்தார். ஆனால் 1856-இல் அமெரிக்காவில் அவரே வெளியிட்டிருந்த சிறு நூல் இலண்டனில் மலிவுப் பதிப்பாக வெளிவந்ததும் இரகசியம் உடைந்தது.

மூன்று காலில் நின்றால் உதைக்க முடியுமா?

அந்த முறை மந்திரமுமன்று, மருந்துமன்று. குதிரையின் ஒரு முன்காலை மடக்கித் தோல்வாரால் கட்டிவிடுவார் ரேரி. இதில் உள்ள இயற்பியல் எளியது. குதிரை நிற்கும்போது தன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன. பின்கால்கள் இரண்டையும் வீசி உதைக்க வேண்டுமானால், அந்நேரத்தில் முழு எடையையும் முன்கால்கள் இரண்டும் தாங்கியாக வேண்டும். ஒரு முன்கால் கட்டப்பட்டிருந்தால் தாங்கும் தளம் ஒரே குளம்பாகச் சுருங்கிவிடும். ஈர்ப்பு மையத்தின் வழியே செல்லும் செங்குத்துக் கோடு அத்தளத்திற்குள் விழாது. குதிரை நிலை தவறும். ஆகவே அது உதைப்பதில்லை. பின்னர் மற்றொரு வாரின் உதவியால் குதிரையைப் படுக்க வைத்து, உடல் முழுவதையும் மெல்லத் தடவிக் கொடுப்பார். மிரட்டும் பொருள் எதுவாயினும் அதைக் குதிரை முகர்ந்து பார்க்க விடுவார். அடி இம்முறையின் அடிப்படையன்று. சாட்டையும் தடியும் மட்டுமே தெரிந்த காலத்தில் இது பெரிய முன்னேற்றம்.

எனினும் இன்றைய உளவியலார் இம்முறையை முழுமையாக ஏற்பதில்லை. தப்ப வழியே இல்லாத விலங்கு போராட்டத்தைக் கைவிட்டுச் சோர்ந்து அடங்கிவிடும் என்பதை செலிக்மன், மையர் ஆகிய இருவரும் 1967-இல் நாய்களைக் கொண்ட சோதனையில் காட்டினர். கட்டிப் படுக்க வைத்த குதிரையின் அமைதியில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு சோர்வு? வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ரேரியின் முறையில் வாரைவிடத் தடவிக் கொடுத்த கையே நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது.

விரியாத குடை

குதிரையின் முரட்டுத்தனத்தில் நம் பங்கு என்ன? பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ் பெற்றிருந்தது. கேள்விக்குரிய விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஆஸ்கார் புங்ஸ்ட் என்ற உளவியலார் அதை நுணுகி ஆராய்ந்து 1907-இல் முடிவை வெளியிட்டார். கேள்வி கேட்டவர்க்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை! தட்டல்களின் எண்ணிக்கை சரியான விடையை எட்டியதும் கேட்பவரின் தலை தம்மையறியாமல் மிகச் சிறிது அசையும். அதைக் கண்டு குதிரை நிறுத்திக்கொள்ளும். அவ்வளவு நுட்பமான அசைவையும் அதன் கண் பற்றிக்கொண்டது.

2009-இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று இன்னும் வியப்பானது. ஒருவர் குதிரையோடு ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பல முறை சென்று வர வேண்டும். நான்காம் முறைக்கு முன் மட்டும், “இப்போது வழியில் திடீரென ஒரு குடையை விரிப்போம்” என்று அவரிடம் சொல்லப்பட்டது. உண்மையில் குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் அந்த முறை மனிதரின் இதயத் துடிப்பும் கூடியது. ஒன்றும் அறியாத குதிரையின் துடிப்பும் கூடியது. குதிரைக்குக் குடையைப் பற்றித் தெரியாது. தன்னை நடத்திச் சென்றவரின் அச்சம் மட்டுமே அதற்கு எட்டியது. “இக்குதிரை உதைக்கும்” என்று நடுங்கிக்கொண்டே செல்பவரை உதைக்கும் குதிரைகள் ஏன் மிகுதி என்பது இப்போது ஓரளவு விளங்குகிறதல்லவா?

குணமா, வலியா?

அப்படியானால் பிறவிக் குணம் என்பதே இல்லையா? உண்டு. பழங்காலக் குதிரை எலும்புகளிலிருந்து மரபணுக்களைப் பிரித்து ஆராய்ந்த லுடோவிக் ஒர்லாண்டோ குழுவினர் 2021-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் முன்னோர் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியில் தோன்றி, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் எங்கும் பரவினர். அவற்றில் மனிதர் தேர்ந்தெடுத்த இரண்டு மரபணுக்கள் தனித்துத் தெரிந்தன. ஒன்று முதுகின் வலிமையோடும், மற்றொன்று மன அமைதியோடும் தொடர்புடையவை எனக் கருதப்படுகிறது. அதாவது, நம் முன்னோர் சுமை தாங்கும் முதுகையும் எளிதில் மிரளாத மனத்தையும் தேடி வளர்த்திருக்கிறார்கள்.

ஆனால் குணம் என்று முடிவு கட்டுமுன் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அது வலி. 2018-இல் சூ டைசன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் தம் குழுவினருடன் 24 நடத்தைகள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். காதை நெடுநேரம் பின்னுக்கு மடக்குதல், வாலை அடிக்கடி வீசுதல், வாயைத் திறந்து திறந்து மூடுதல், முன்கால் தூக்குதல் போன்றவை அதில் அடங்கும். ஏறிச் செலுத்தும்போது இவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தென்பட்டால், எலும்பிலோ தசையிலோ வலி இருக்கக்கூடும் என்று கொள்ளலாம். பட்டியலில் உள்ள பலவற்றை நாம் இதுவரை “திமிர்” என்றே அழைத்து வந்தோம்!

இடம் மாற்றினால் போதுமா?

இப்போது நம் முதற் கேள்விக்குத் திரும்புவோம். நிறை, எடை ஆகிய இரண்டின் வேறுபாட்டை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நிறை பொருளுக்கே உரியது; எங்கும் மாறாது. எடையோ பொருளையும் அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது. நிலவில் ஆறில் ஒரு பங்காகிவிடும். குதிரையின் முரட்டுத்தனம் நிறையைப் போன்றதன்று; எடையைப் போன்றது. குதிரை பாதி, அதைக் கையாளும் மனிதரும் சூழலும் பாதி.

எனவே முடிவு செய்யுமுன் சோதனைச் சாலையில் செய்வதுபோல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் மருத்துவர் முதுகையும் பல்லையும் குளம்பையும் பார்க்கட்டும். அடுத்துச் சேணம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு தீனி, வெளியே திரியும் நேரம், துணைக்கு மற்றொரு குதிரை. அதன் பின் கையாளும் ஆள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்பது தெரியாது.

இவ்வளவும் செய்தும் உங்கள் உள்ளத்தில் அச்சம் நீங்கவில்லையென்றால், குதிரையைத் தகுந்தவரிடம் ஒப்படைப்பதே நேர்மை. அது தோல்வியன்று. ஆனால் தகுந்தவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் ஆண்டுதோறும் கடல் வழியே ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதாகவும், பேணும் முறை அறிந்தோர் இன்மையால் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்ததாகவும் எழுதினார். குதிரையோடு அதைப் பேணும் அறிவும் கப்பல் ஏறவில்லை. குறையை மறைத்து விற்பவர் இன்றும் இதையே செய்கிறார். உண்மை தெரியாத புதியவர் அடிபடுவார். குதிரை மீண்டும் கை மாறும். ஒவ்வொரு கையிலும் அதன் பெயர் மேலும் கெடும். அந்தப் பாதையின் முடிவில் பெரும்பாலும் இறைச்சிக் கூடமே இருக்கிறது.

குரூசருக்கு என்ன ஆயிற்று? அது ரேரிக்கே உரியதாகி, அவரோடு கடல் கடந்து குரோவ்போர்ட் சென்றது. ரேரி 1866-இல் தம் 38-ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பின் கையாண்டவர்களிடம் குரூசரின் பழைய சீற்றம் திரும்பிவந்ததாகச் சொல்லப்படுகிறது. 1875-இல் அது அவ்வூரிலேயே இறந்தது. அதே குதிரை, அதே இரத்தம். மாறியது பிடித்த கை மட்டுமே. இனி எந்த விலங்கையாவது “அடங்காதது” என்று யாரேனும் சொல்லக் கேட்டால், யாரிடம் அடங்காதது என்று கேளுங்கள்.