‘ஆர்ட் சில்க்’னா பட்டா, ரேயானா? சேலை வாங்கும் முன் இதைப் பாருங்க!

கல்யாண சீசன் வந்தாலே துணிக்கடைகளில் ‘சில்க்’ என்ற பெயரில் தொங்கும் ரகங்களுக்குக் கணக்கே இல்லை. ஆர்ட் சில்க், செமி சில்க், காட்டன் சில்க் என்று கேட்க எல்லாமே பட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் ‘ஆர்ட் சில்க்’கில் உள்ள ‘ஆர்ட்’ கலை அல்ல. ‘ஆர்ட்டிஃபிஷியல்’, அதாவது செயற்கை என்பதன் சுருக்கம். பெரும்பாலும் ரேயான் அல்லது பாலியஸ்டர் இழைதான் அது. ரேயானை ரேயான் விலைக்கு வாங்கினால் தப்பே இல்லை. பட்டு விலை கொடுத்து வாங்கினால்தான் பிரச்சினை.

ரேயான் எங்கிருந்து வருகிறது?

மரக்கூழை ரசாயனத்தில் கரைத்து, சின்னத் துளைகள் வழியாகப் பீய்ச்சி இழையாக்குவதுதான் ரேயான். 1889 பாரிஸ் கண்காட்சியில் பிரான்ஸின் சார்டோனே இதன் முன்னோடியைக் காட்டியபோதே ‘செயற்கைப் பட்டு’ என்றுதான் பெயர். கோவை மாவட்டம் சிறுமுகையிலும் மரக்கூழில் இருந்து ரேயான் இழை எடுத்த ஆலை ஒன்று இருந்தது. அது மூடப்பட்டுவிட்டது; இன்று அந்த ஊரைச் சொன்னால் சாஃப்ட் சில்க் கைத்தறிச் சேலைதான் நினைவுக்கு வரும்!

பட்டு அப்படியல்ல. ஒரு பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீள இழை இருக்கும். நம் தலைமுடியைப் போல இதுவும் புரதம். ரேயானோ பருத்தி, காகிதம் போல செல்லுலோஸ். கண்டுபிடிக்கும் வழியும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எரித்துப் பார்ப்பது எப்படி?

முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றை எடுத்துப் பற்ற வையுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், கரிய சாம்பல் விரலில் பொடியாகும். ரேயான் காகிதம் போல சடசடவென எரிந்து சாம்பல் நிறத் தூளாகும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாவு பட்டாகவும் ஊடை ரேயானாகவும் இருக்கலாம். முந்தானையில் தொங்குவது பாவு நூல் மட்டுமே. அதனால் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தனியாக எரித்துப் பார்க்க வேண்டும். மோதிரத்துக்குள் சேலையை நுழைத்துப் பார்க்கும் வித்தையை நம்ப வேண்டாம். மெல்லிய ரேயானும் நுழையும்.

கடையில் எரிக்க விடுவார்களா? சந்தேகம்தான். அப்போது ‘சில்க் மார்க்’ லேபிளைப் பாருங்கள். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்த இந்த முத்திரை, துணி இயற்கைப் பட்டு என்பதற்கான அடையாளம். ஜரிகையின் தரத்துக்கு இது பொறுப்பல்ல, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை எப்போது வாங்கலாம்?

தினசரி ஆபீஸ், வெயில், வியர்வை என்றால் ரேயான் குர்தியே வசதி. வியர்வையை நன்றாக உறிஞ்சும், விலையும் குறைவு. பட்டுக்கு வியர்வையும் வெயிலும் ஆகாது. ஆனால் ரேயான் நனைந்தால் வலு வெகுவாகக் குறையும். முறுக்கிப் பிழிந்தால் தையல் ஓரத்தில் கிழியும், முதல் துவைப்பில் சுருங்கவும் செய்யும். எனவே, பிடிப்பாக இல்லாமல் கொஞ்சம் தாராளமான சைஸாக வாங்குவது நல்லது.

பல வருஷம் வைத்துக் கட்ட வேண்டிய முகூர்த்தச் சேலைக்கு பட்டுதான் சரி. ப்ளீச் பட்டால் பட்டு இழையே அரித்துப்போகும். பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

பில் வாங்கும்போது வெறும் ‘சேலை’ அல்லது ‘சில்க்’ என்று இருந்தால், ‘பியூர் சில்க்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க நேர்ந்தால், அந்த பில்தான் கையில் இருக்கும் முதல் ஆதாரம்.