பெரியம்மா போட்ட குறி

எங்க ஊர் கடையநல்லூர்ல, பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்போ எல்லாரும் கேட்டது ஒண்ணுதான்: “கட்டிய எடுத்தாச்சுல்லா?” எடுத்தாச்சு. ஆனா வலது கை வீங்கி, தண்ணிக் குடம் தூக்க முடியல. அதை வீட்டுல யாருமே கேக்கல. நானும்தான்.

இந்த எபிசோடு, கேக்காம விட்ட அந்தக் கேள்வியோட வரலாறு.

1890-கள்ல அமெரிக்காவுல வில்லியம் ஹால்ஸ்டெட் பரப்பின அறுவை சிகிச்சையில, மார்பகத்தோட நெஞ்சுத் தசையும் அக்குள் நிணநீர்க் கணுக்களும் சேர்ந்தே போகும். கணுக்கள் போனா நிணநீர் வடியற வழி கெடும், கை வீங்கலாம். ஆனா டாக்டர்கள் எண்ணினது, எத்தனை பேர் எத்தனை வருஷம் உயிரோட இருந்தாங்கங்கறதை. 1985-ல பெர்னார்டு ஃபிஷர் குழுவோட ஆய்வு முடிவு வந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பகத்தை எடுத்தவங்க அளவுக்கே உயிர் பிழைக்கறாங்கன்னு தெரிஞ்சது.

அதுக்கு முன்னாடி, 1940-களோட கடைசியில, கார்னோஃப்ஸ்கி ஒரு அளவுகோல் கொண்டுவந்தார். 100-ன்னா நலம், 0-ன்னா மரணம். மார்க் போடறது டாக்டர். நம்ம பாஷையில, டாஷ்போர்டு பச்சையா இருக்கு, யூசரை யாரும் கேக்கல.

1976-ல பிரிட்டன்ல ப்ரீஸ்ட்மேனும் பாமும் கேட்டாங்க. நோய் முற்றி சிகிச்சையில இருந்த பெண்கள் கையில காகிதம். அதுல ஒரு கோடு. ஒரு முனை நல்ல நிலை, மறு முனை மோசம். நீங்க எங்க இருக்கீங்கன்னு நீங்களே குறி போடுங்க. இவ்வளவு எளிமையான விஷயத்துக்கு 1976 வரைக்கும் ஆச்சுங்கறதுதான் எனக்கு உறுத்துது.

1997-ல ஃபேக்ட்-பி கேள்வித்தாள் வந்தது. கை வீக்கம், முடி கொட்டறது, உடுத்தறதுல கூச்சம், வீட்டுல வேற யாருக்கும் வந்துருமோங்கற பயம், எல்லாத்துக்கும் 0-ல இருந்து 4 வரை பதில். 2002-ல இதோட மலையாள வடிவத்தைச் சரிபார்த்து வெளியிட்டாங்க, திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில. செங்கோட்டை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம்! முத்துலட்சுமி ரெட்டி 1954-ல தொடங்கின அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் 2005-ல இந்திய நோயாளிகளுக்குன்னே ஒரு கேள்வித்தாளை வெளியிட்டது.

மொழிபெயர்த்தா மட்டும் போதாது. தாம்பத்தியம் பத்தியும் அதுல கேள்வி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு, பக்கத்துல நிக்கற மகனா வாசிச்சுக் காட்டுவான்? தனி அறை வேணும், கேக்கறதுக்கு ஒரு பெண் வேணும். கை வீக்கம்னு குறி போட்டா, பயிற்சி சொல்லித்தரவும் அழுத்த உறை மாட்டிவிடவும் ஆள் வேணும்.

போன மாசம் பெரியம்மாகிட்ட ஒரு நோட்டுல மூணு கோடு போட்டுக் கொடுத்தேன்: கை, தூக்கம், பயம். கைக்கு நடுவுல குறி போட்டாங்க. தூக்கத்துக்கும் கிட்டத்தட்ட அதே இடம். பயத்துக்கு வந்ததும் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்துட்டு, மோசமான முனையிலேயே வெச்சாங்க.

“எனக்கில்லப்பா,” ன்னாங்க. “உங்க அக்காவுக்கு.”