நீல ஊக்கு

1910 டிசம்பர் 27. மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் உறையும் குளிர். இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை அறுத்துச் சோதித்துக்கொண்டிருந்தவர் நம்ம பினாங்குக்காரர், டாக்டர் வூ லியன் தே. 1879இல் பொற்கொல்லர் வீட்டில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜில் டாக்டராகித் திரும்பி, சூலியா தெருவில் வைத்தியம் பார்த்தவர். நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய அதே தெருதான்.

எடுத்த திசுவைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, லோஃப்ளரின் மெத்திலீன் நீலத்தை ஏற்றினார். சாயம் போட்டால் கிருமி தெரியும் என்று பள்ளியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. பாக்டீரியாவின் மேற்பரப்பிலும் உள்ளிருக்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏவிலும் எதிர்மின்னூட்டம், சாயத்தில் நேர்மின்னூட்டம். ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பிளேக் கிருமியில் நீலம் இரு முனைகளிலும் அழுத்தமாக, நடுவில் வெளிறி ஏறும். பார்க்க ஊக்கு மாதிரி. வூ கண்டது அதைத்தான்.

இன்றைய ஒளிரும் சாயங்களுக்கும் இந்தப் பிடிப்புதான் அடிப்படை. டாபி என்ற சாயம் தனியாக மங்கலாகக் கிடக்கும். டிஎன்ஏவின் பள்ளத்தில் போய் உட்கார்ந்ததும் சுமார் 20 மடங்கு ஒளிரும். காசநோய்க் கிருமி வேறு ரகம். அதன் மெழுகுச் சுவர் ஆரமின் சாயத்தை லேசில் உள்ளே விடாது. பீனால் துணையோடு நுழைந்துவிட்டால், அமிலம் ஊற்றிக் கழுவினாலும் வெளியே விடாது. கருப்புப் பின்னணியில் மஞ்சளாக மின்னும்.

ஹார்பினில் நீலம் கிருமியின் பெயரைச் சொன்னது. அது வந்த வழியைச் சொல்லவில்லை. எலி, தெள்ளுப்பூச்சி என்பதுதான் அன்றைய பாடம். வூவோ, இது மூச்சில் பரவுகிறது என்றார். துணியும் பஞ்சும் வைத்து முகக்கவசம் கட்டச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னியும் பிளேக் என்றே ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் மூச்சு விஷயம் அவர் மண்டையில் ஏறவில்லை. சொன்னவர் வயதில் இளையவர், அதுவும் சீனர் என்பதும் காரணம் என்றே நான் நினைக்கிறேன். கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் அதே நோயில் இறந்தார்.

நிலம் உறைந்து கிடந்ததால் பிணங்களைப் புதைக்கவும் வழியில்லை. அரசின் அனுமதி வாங்கி, அம்மாத இறுதியில் ஆயிரக்கணக்கில் எரித்தார்கள். மார்ச் பிறந்ததும் ஹார்பினில் நோய் நின்றது. அதற்குள் மஞ்சூரியாவில் இறந்தவர்கள் சுமார் 60,000 பேர். வூ 1937இல் மலாயா திரும்பி ஈப்போவில் வைத்தியம் பார்த்தார். 1960இல் பினாங்கில் காலமானார்.