பியருக்காகப் பிறந்த பெட்டி

பிரிட்ஜுக்கு முதலில் ஆசைப்பட்டது சமையலறை இல்லை, பியர் ஆலை. பவேரியாவில் 1553ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏப்ரல் 23 தொடங்கி செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சவே கூடாது என்றது. வெயிலில் புளித்தது கெட்டுப்போனதுதான் காரணம். பிறகு குளிர்காலத்தில் பனிக்கட்டி வெட்டி நிலவறைகளில் அடுக்கிச் சமாளித்தார்கள். 1870களில் மியூனிக்கில் கார்ல் வான் லிண்டே குளிரூட்டும் இயந்திரம் செய்தபோது, அதற்குத் துணை நின்றவர் ஸ்பாட்டன் ஆலையின் கேப்ரியல் செடல்மாயர். மீனும் பாலும் அந்தக் குளிருக்குள் வீடுகளில் இடம்பிடித்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இலங்கையில் சாமுவேல் பேக்கர் 1849இல் பியர் காய்ச்சத் தேர்ந்த இடம் நுவரெலியா. 1,800 மீற்றருக்கு மேல் மலையே இலவசக் குளிர்ப்பெட்டி.

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மலைக்கு எங்கே போவது? இங்கே புளிப்பது பனம்பாளை நீர், அதுவும் மரத்தில் கட்டிய முட்டிக்குள்ளேயே. உள்ளே சுண்ணாம்பு பூசினால் மதுவம் அடங்கிக் கருப்பநீராக இறங்கும்; பூசாவிட்டால் கள்ளு. வெப்பநிலையைக் கட்டுப்படுத்த எவரும் முயலவில்லை, நேரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். காலையில் இறக்கியது கள்ளுத் தவறணையில் பனையோலைப் பிளாவுக்குள் ஊற்றப்பட்டு அன்றைக்கே முடிந்துவிட வேண்டும். விட்டால் புளிப்பேறி, கடைசியில் வினாகிரிதான். அன்றன்றைக்குக் குடித்து முடிக்கிற பானத்துக்குக் குளிர் எதற்கு? வாரக்கணக்கில் காத்திருக்கிற பியருக்குத்தான் அது வேண்டும்.

குளிர் வேண்டுமென்றாலும் எப்போதும் கிடைத்ததில்லை: 1990இல் யாழ்ப்பாணத்தின் மின்சாரம் நின்ற பிறகு, வீடுகளில் இருந்த பிரிட்ஜ்கள் பல ஆண்டுகள் அலுமாரிகளாகவே உழைத்தன.

இலங்கையில் வீட்டில் பியர் காய்ச்சுவது மதுவரிச் சட்டத்தோடு மோதும். பிரித்தானியாவில் 1963 முதல் சொந்தக் குடிக்கு உரிமம் வேண்டாம். ஆகவே பண்டத்தரிப்பிலிருந்து லண்டன் போன ஒருவருக்குத்தான் பியர் காய்ச்ச எந்தப் பிரிட்ஜ் என்ற கேள்வி நியாயமாக வரும்.

பழையது போதும் என்பேன். உள்ளே ஐஸ் அறை இல்லாததாகப் பார்த்து எடுத்தால், 23 லீற்றர் வாளியும் அதன் மேல் நிற்கும் காற்றடைப்பானும் சேர்ந்து இடம்பிடிக்கும். அளவு நாடாவோடு போக வேண்டும், ஏனென்றால் பின்பக்க அடியில் கம்ப்ரசர் மேடு நிற்கும். பெட்டியின் சொந்தக் குமிழை நம்பவே கூடாது. அது பாலைக் காக்க 4 பாகையை ஒட்டியே நிற்கும். ஏல் வகைப் பியருக்கு 18 முதல் 20 பாகை, லாகருக்கு 10 முதல் 12 என்றால், மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் வெளிக் கட்டுப்படுத்தி தேவை. காசை அதில் போடலாம். அதன் உணரியை உள்ளே சும்மா தொங்கவிடாமல் வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஸ்பொஞ்சால் மூட வேண்டும். மும்முரமாகப் புளிக்கும்போது மதுவமே சூட்டைக் கிளப்பும், வாளிக்குள் இருக்கும் சூடு சுற்றுக் காற்றைவிடச் சில பாகை ஏறியிருக்கும். கம்ப்ரசர் நின்றவுடனே மீண்டும் ஓடாமல் சில நிமிடம் தாமதிக்கும் வசதியும் கட்டுப்படுத்தியில் இருக்கட்டும், இல்லையேல் அது சீக்கிரம் படுத்துவிடும்.

லண்டன் தை மாதக் கராஜில் பெட்டிக்குள் சிறிய சூடேற்றியும் வைப்பார்கள். பண்டத்தரிப்பில் சட்டம் விட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம்; அங்கே குளிரூட்டுவதற்குத்தான் மின்கட்டணம் ஏறியிருக்கும்.

வாங்குமுன் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடலாம்.